தட்டாமல் விட்ட தோள்

தையல்காரிக்கு ஆளைவிட ஆளின் இருக்கையைத்தான் நன்றாகத் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பின்புறம் மோட்டார் சைக்கிள் சீட் தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. பழைய உறையைக் கிழித்து எடுத்தால் போதும். இவர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறவர், இவருக்கு இடுப்பு வலி, இவர் பின்னால் யாருமே ஏறுவதில்லை என்று பஞ்சில் விழுந்த பள்ளமே அவளுக்குச் சொல்லிவிடும். அவள் அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்தே அவளுக்குப் பேச்சு குறைவு, பார்வை அதிகம். "வாயில எப்பவும் நாலு ஆணி வச்சிருக்கு. அப்புறம் வார்த்தைக்கு எங்க எடம்?" என்பார் கடை முதலாளி.

அவள் புருஷன் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் கிளப்போடு வெளியூர் போய் வருவதுதான் அவனுக்கு உயிர். கிளப்பில் அவனுக்கு 'வால்' என்று பெயர். வரிசையில் கடைசியாகப் போகிறவன் அவன்தான். யாருக்குச் செயின் கழன்றாலும் கருவிப் பையோடு வந்து நிற்பான். எல்லோருக்கும் முன்னால் போகிறவர் தலைவர், ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். நடுவில் யார் எப்படிப் போனாலும் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. திருப்பம் வந்தால், தலைவருக்கு அடுத்து வருகிறவர் அங்கே ஓரங்கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையை நீட்டி வழி காட்ட வேண்டும். வால் வந்து சேரும்வரை வானமே இடிந்து விழுந்தாலும் நகரக் கூடாது. வாலைக் கண்ட பிறகு வண்டியை எடுத்து, அவனுக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம்.

வாலின் பின்னிருக்கை தையல்காரிக்கு. அங்கே அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. புருஷன் சாலையைப் பார்த்து ஓட்டுவான். வழி காட்ட நிற்பவரைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடத்தோளில் ஒரு தட்டு, வலப்பக்கமென்றால் வலத்தோளில். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது, அவளுக்கும் அது வசதிதான். வாயைத் திறக்காமலே ஒரு ஆம்பிளையைத் திருப்ப முடிகிற அந்த நாளுக்காக அவள் மாதம் முழுவதும் காத்திருப்பாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரி கிளப்பில் சேர்ந்தாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவள், இளவயது. சொந்த வண்டியில், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அவள் பேச்சுதான்.

"அந்தப் பொண்ணு வளைவுல பிரேக்கையே தொட மாட்டேங்குது."

"ம்."

"முன்னால போற வண்டிக்கு எவ்வளவு எடம் விடணும்னு நம்ம ஆளுங்களுக்கே இன்னும் தெரியல. அதுக்குத் தெரியுது. பின்னால யார் வராங்கன்னு கண்ணாடில பாத்துக்கிட்டே ஓட்டுது."

"கண்ணாடி விக்கிறவ கண்ணாடி பாக்காம வேற என்ன பண்ணுவா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போதாக்குறைக்கு அந்தப் பெண் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "கால் தரையில எட்ட மாட்டேங்குதுக்கா. கொஞ்சம் எறக்கிக் குடுங்க." தையல்காரி உறையைப் பிரித்துப் பார்த்தாள். முன்பக்கம் நன்றாக ஓட்டுகிறவளின் ஆழமான, நேரான பள்ளம். பின்பக்கப் பஞ்சு கடையில் வாங்கியதுபோல அப்படியே இருந்தது. ஆளில்லாதவள். அதுதான் பயமாக இருந்தது. வேலையில் மட்டும் வஞ்சனை செய்ய அவளுக்குத் தெரியாது. பஞ்சை அடிப்பக்கம் சீவி இறக்கி, ஒரு சுருக்கம் விழாமல் இழுத்துத் தைத்தாள். தைத்து முடிப்பதற்குள் வயிறு எரிந்து சாம்பலாகிவிட்டது.

போன மாதம் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. கண்ணாடிக்கடைக்காரி ஒரு திருப்பத்தில் நின்று வழி காட்டிவிட்டு, சட்டப்படி இவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டாள். பிறகு மலையடிவாரம்வரை வளைவுக்கு மேல் வளைவு. முன்னே அவள் எவ்வளவு சாய்ந்தாளோ, பின்னே இவனும் அதே அளவு சாய்ந்தான். அந்தச் சாய்வு அவன் முதுகு வழியாக வந்து தன் முட்டியைத் தொட்டதைத் தையல்காரி உணர்ந்தாள். இருவர் ஆட, மூன்றாவது ஆளாக மூட்டைபோல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஞாயிறு ஏரிக்குப் பயணம். ஊரைத் தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்கள், காற்றெல்லாம் நெல்தாள் வாசனை. நடுவில் ஒருவரின் வண்டி விளக்கு கழன்று ஆடியது. அதை முடுக்கி அனுப்பிவிட்டுக் கிளம்பியதில் வாலும் அவளும் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள். முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஊர்ந்தது. அதை முந்துவதற்காக அவன் வலப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பார்த்தான். அவள் இடப்பக்கம் பார்த்தாள்.

ஒரு சின்னப் பாலம். அதை ஒட்டி இடது கைப் பக்கம் ஒரு சாலை பிரிந்தது. பாலத்துச் சுவரோரம் மஞ்சள் கையுறை போட்ட ஒரு கை, நேராக நீண்டிருந்தது.

தையல்காரியின் கை எழுந்தது. தட்டினால் அவன் திரும்புவான். கண்ணாடிக்கடைக்காரி முன்னால் வந்து சேர்ந்துகொள்வாள். ஏரிவரை மறுபடி அதே ஆட்டம். எழுந்த கை தன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிவிட்டுத் தொடைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. லாரியின் மறைப்பில் அவர்கள் திருப்பத்தைத் தாண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே கிளம்பிப் பின்னால் வரட்டும், என்ன குடியா முழுகிவிடும் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

வெகுதூரம் போய் அவன் வேகத்தைக் குறைத்தான். "எங்கயும் யாரும் நிக்கலையே?"

"நான் யாரையும் பாக்கல."

"தலைவர் அண்ணன் இந்த வழியா போயிட்டார் போல. சுத்து வழிதான், ஆனா இதுவும் ஏரிக்குத்தான் போகும்."

முன்னால் யாரும் இல்லாத சாலை. அவன் முதுகு முழுக்க அவளுடையதாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அவன் சட்டையை லேசாகப் பிடித்துக்கொண்டாள்.

ஏரிக்கரையில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்திருந்தார்கள். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, அந்தப் பக்கமா வர்ற? கண்ணாடிப் பொண்ணு எங்க?"

"எங்களுக்கு முன்னால வரலையா?"

"பாலத்துக்கிட்ட நிறுத்திட்டு வந்தேனே. உன்கூடத்தான வரணும்?"

"பாலத்துக்கிட்ட யாரும் நிக்கலண்ணே."

போன் செய்து பார்த்தார்கள். ஏரிக்கரையில் சிக்னல் இல்லை. ஒருவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வெயில் தாங்காம வீட்டுக்குப் போயிருக்கும். நின்ன எடத்துல நிக்கத் தெரியாதவங்கள அடுத்த மாசத்துலேர்ந்து கூப்பிடாதீங்க, அவ்வளவுதான்."

தையல்காரிக்குக் கேட்காமலே வரம் கிடைத்துவிட்டது. வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அது போயிருக்காதுண்ணே" என்றான் அவள் புருஷன். "நான் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்கதான் நிக்கும்."

தன்னைப் பற்றி ஒரு நாளாவது யாரிடமாவது இவ்வளவு உறுதியாக எதையாவது சொல்லியிருக்கிறானா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. "ஏறு" என்றான். ஏறினாள்.

கண்ணாடிக்கடைக்காரி அங்கேயேதான் நின்றிருந்தாள். பாலத்தருகே பொட்டு நிழல் இல்லை. முகம் செங்கல் நிறமாகி, உதடு வெடித்திருந்தது. இவர்களைக் கண்ட பிறகுதான் கையை இறக்கினாள்.

"வந்துட்டீங்களாண்ணா? உங்க வண்டிச் சத்தம் அப்பவே கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா கண்ணால பாக்கல. பாக்காம எப்படிப் போறது?"

சொல்லும்போதே கால் மடிந்தது. தையல்காரிதான் ஓடிப்போய்த் தாங்கினாள். அண்ணா என்கிறாளே என்று மனசு ஒரு நொடி குளிரப் பார்த்தது. அண்ணன் என்று கூப்பிட்டால் மட்டும் எரிகிற அடுப்பு அணைந்துவிடுமா? அணையவில்லை. அந்தப் பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றி, குடிக்கவும் கொடுத்தாள்.

அவன் பாலத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெண்டாட்டியிடம் மெல்லக் கேட்டான்: "நான் வலப்பக்கம் பாத்துக்கிட்டு வந்தேன். லாரி எனக்குத்தான மறைச்சுது?"

அவள் தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரிஞ்சுது" என்றாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இது இந்த நெலமைல வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்து ஊர்ல டாக்டர் இருக்கார். நான் கூட்டிட்டுப் போறேன். நீ இதோட வண்டியப் பாத்துக்கிட்டு இரு" என்று மட்டும் சொன்னான்.

புருஷன் வண்டியில், தன் கையால் தைத்த பின்னிருக்கையில் அந்தப் பெண்ணைத் தன் கையாலேயே தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துப் புருஷனின் தோள்களில் வைத்து, "கெட்டியா புடிச்சுக்கோ" என்றாள். வண்டி கிளம்பியது. முதல் வளைவில் இருவரும் ஒன்றாகச் சாய்ந்து மறைந்தார்கள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள்.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. டிராக்டரில் போன ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லீங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு."

"சாவியும் இருக்கு. அப்புறம் ஏன் வெயில்ல காயுற? ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

அதை அவள் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும், புருஷனையும் அவன் தோளைப் பிடித்திருந்த கைகளையும் நினைத்து எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். டிராக்டர் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தாள். இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு காலைத் தூக்கிப் போட்டு, அந்த ஆழமான நேரான பள்ளத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

இரண்டு காலும் தரையில் எட்டின.