இரண்டு மில்லிமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பித்தேன். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தடி நீரைத் தேடுவது என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் சாலையும் வரப்பும் துலங்கும். அகச்சிவப்புப் படத்தில் பசுமை வெளுத்துத் தெரியும்; பங்குனி வெயிலிலும் வாடாத மரங்கள் ஒரே கோட்டில் நின்றால், அடியில் நீருள்ள பாறைப் பிளவு இருக்கலாம். இரண்டு பிலிம்களையும் வெளிச்சப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், அந்தக் கோடு யார் நிலத்தில் விழுகிறது என்று சொல்லிவிடலாம்.

சேரன்மகாதேவிக்கு வடக்கே, கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேட்டில் பயிர் செய்துவந்த ஒரு சம்சாரிக்கு அப்படித்தான் கிணற்றுக்கு இடம் குறித்தேன். அவரும் மனைவியும் தாங்களே வெட்டினார்கள்.

கட்டுரைக்காகப் படத்தை மறுபடி பார்த்தபோது ரயில் பாலம் இரண்டு பிலிம்களிலும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. ஒரு குளத்தின் நீர் விளிம்பை வைத்துப் பொருத்தியிருந்தேன். ஒரு படம் மார்கழியில் எடுத்தது, குளம் நிறைந்திருந்தது. மற்றது பங்குனியில் எடுத்தது, நீர் கரையை நோக்கி ஒடுங்கியிருந்தது. இந்த ஊரில் பிறந்தவனுக்குக் குளம் வற்றும் என்று தெரியாதா? அசையாத கரையை விட்டு, அசையும் நீரைப் பிடித்திருந்தேன். படத்தில் இரண்டு மில்லிமீட்டர். தரையில் நூறு மீட்டர்.

மறுநாள் சொல்லத்தான் போனேன். அவர் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தார்.

"நாப்பது அடி ஆயிட்டு சார். வெறும் பாறையாத்தான் வருது."

மேலே கல் சுமந்துகொண்டிருந்த அவர் மனைவி சிரித்தாள். "சாமியாடிட்ட குறி கேட்டாக்கூட நம்ப மாட்டாவ. நீங்க சொன்னதுக்கு இந்தக் குதி குதிக்காவ."

"அவ கெடக்கா. வானத்துலேர்ந்து பாத்த படம்லா? சொல்லுங்க சார், வெட்டவா, நிறுத்தவா?"

துறைத்தலைவர் என் படத்தை மெச்சி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இன்னும் பத்தடி போங்க அண்ணாச்சி" என்றேன்.

மூன்றாம் நாள் மழையில் மேல்மண் சரிந்தது. அவர் உள்ளே இருந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது, "நீங்க என்ன செய்வீய சார், எங்க நேரம்" என்றாள் அவள். நான் தலையாட்டினேன். அவளுக்குப் பின்னால், அவர்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரங்கள் வரிசையாகப் பசேலென்று நின்றன. சரியாகப் பொருத்திய படத்தில் அந்தக் கோடு அங்கேதான் விழுந்திருந்தது.

கட்டுரையில் அச்சானது திருத்திய படம். முதல் படத்தை நானே கிழித்துப்போட்டேன்.