எட்டாவது முனை

“அக்கா, டொரீன் மோசம் போயிட்டா.” ஒஷாவாவிலிருந்து ஜெசிந்தா இந்தச் சாவுச் செய்தியோடு அழைத்தபோது நான் மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

ஸ்காபரோ முதியோர் இல்லத்தில் என்னோடும் ஜெசிந்தாவோடும் பராமரிப்பு வேலை செய்த டொரீனை, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். அமைதியானவர் என்று இப்போது சொல்கிறீர்கள். அமைதியானவர் அல்லர், குரலை உயர்த்தாதவர். இரண்டும் வேறு.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்தவர் அவர். முள்ளம்பன்றி முட்களால் செய்த எட்டுமுனை நட்சத்திரம் ஒன்றைச் சீருடையில் குத்தியிருப்பார். புதிதாக வந்த மேற்பார்வையாளர் அதைக் கழற்றச் சொன்னார். “இங்கே அரசியல் சின்னங்கள் வேண்டாம்.”

“முன்பு இதற்கு ஏழு முனைகள்தான்,” என்றார் டொரீன். “எங்கள் நிலத்தின் ஏழு பகுதிகள். உங்கள் பிரிட்டிஷ் அரசரோடு உடன்படிக்கை செய்தபோது அவருக்காக எட்டாவதைச் சேர்த்தோம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் இடம் கொடுத்தோம். நீங்கள் கழற்றச் சொல்கிறீர்கள்.”

“கழற்றுவீர்களா, மாட்டீர்களா?”

“மாட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளர்தான் பேசிக்கொண்டே போனார். அன்று டொரீனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளும் நட்சத்திரத்தோடு வந்தார், மறுபடியும் அனுப்பினார்கள். வாசலில் வைத்து, வேலை போய்விடும் என்று ஜெசிந்தா கெஞ்சினாள். போர்க்காலக் கொழும்பில் தமிழச்சி என்று தெரியாதிருக்க, சோதனைச் சாவடி வருமுன் நான் பொட்டை அழித்துவிடுவதைச் சொன்னேன். டொரீன் என் நெற்றியைப் பார்த்தார்.

“அங்கே துப்பாக்கி இருந்தது, அழித்தாய். இங்கே இருப்பது ஒரு மேற்பார்வையாளர்தானே?”

அடுத்த நாள் காலை நெற்றி நிறையக் குங்குமத்தோடு போனேன். மன்னார்க்காரி ஜெசிந்தா சிலுவைச் சங்கிலியைச் சீருடைக்கு வெளியே இழுத்துவிட்டிருந்தாள். “அக்கா, வேலை போனால் என்ன செய்யிறது?” என்றாள். “போனால் பார்ப்பம். நீ உள்ளுக்கை வா,” என்றேன்.

டொரீனின் இருபுறமும் நின்றோம். மேற்பார்வையாளர் எங்கள் மூவரையும் பார்த்தார். சாப்பாட்டு மண்டபத்தில் முதியவர்கள் பசியோடு காத்திருந்தார்கள். எங்களை அனுப்பினால் ஊட்டிவிட ஆளில்லை. மேற்பார்வையாளர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொரீன் கஞ்சி வண்டியைத் தள்ளத் தொடங்கினார். ஓய்வு பெறும்வரை அந்த நட்சத்திரத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசவில்லை.

மறுத்த பிறகு மன்னிப்புக் கேட்காத அந்த மௌனத்தை நான் வைத்துக்கொண்டேன். சென்ற கிழமை வங்கியில் ஒரு பெண், “உங்கள் பெயர் நீளம். யோகி என்று கூப்பிடலாமா?” என்றாள்.

“இல்லை. யோகேஸ்வரி,” என்றேன். அவள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.