போனிடம் ஒப்படைத்த ஞாபகம்

என் கணவர் போனுக்குள் இருக்கும் அந்தக் குரலோடு பேசுவதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்றே சொல்லி வளர்ந்த வாய், அதனிடம் மட்டும் செய்தி வாசிக்கும். "தயவுசெய்து நாளைய வானிலையைக் கூறவும்" என்பார். எனக்கு வாய்த்ததெல்லாம் "ஏய், காப்பி கொண்டா" மட்டும்தான்.

எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் டாக்டரைப் பார்க்க அலைந்து திரிந்து நேரம் வாங்கினேன். காலை பத்து மணிக்கு வந்து காரில் கூட்டிப் போகும்படி முந்தின நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அதான் போன்ல சொல்லி வச்சிட்டேன்ல, அது ஞாபகப்படுத்திரும்" என்றார், பெரிய ஏற்பாடு செய்துவிட்டவர் மாதிரி.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் பட்டாசு ஆலை. தீப்பொறிக்குப் பயந்து, முதலாளியின் போனானாலும் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப் பலகை எழுதி மாட்டியவரே இந்தப் புத்திசாலிதான்.

பத்தரை ஆகியும் ஆளைக் காணோம். போன் அடித்தேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"ஐயா உள்ள லோடு ஏத்துற எடத்துல நிக்காகம்மா. உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இந்தப் போனு பத்து மணில இருந்து பெட்டிக்குள்ள கெடந்து கத்துது. அது எப்பவும் ஏதாச்சும் பேசும்ல, அதான் விட்டுட்டேன். போய்ச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் டாக்டர் எழுந்து போயிருப்பார். தனியாக மதுரை பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டும்வரை பயத்தில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, அழுகை நின்றது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த நிம்மதியைச் சொல்லக்கூடப் பக்கத்தில் ஆளில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் போனைத்தான் திட்டினார். "ஏன் எனக்கு நினைவூட்டவில்லை?"

"மன்னிக்கவும்" என்றது அது. எங்கள் வீட்டில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. லோடு லாரி வழியில் நின்றுவிட்டதாம். பேசி முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டே போனை வாயருகே கொண்டுபோனார்.

"நாளை காலை, மனைவியிடம் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிக் கேட்க நினைவூட்டவும்."

நான் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.