‘கல்லே மூன்று’ என்று பெயர் வைத்தால் யாருக்குக் கிடைக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரை பக்கம் செங்கல் என்ற ஊருக்குப் போயிருந்தேன். துக்கம் விசாரிக்க.

நண்பன் சசியின் அக்கா லலிதா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம்கூட ஆகவில்லை. முற்றம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள், சொந்தக்காரர்கள். என்னைக் கண்டதும் சசியின் மாமா கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“எலே மக்கா, நீயாவது அவன்கிட்ட பறஞ்சு பாரு. கூடப்பிறந்தவளுக்க சாம்பல் ஆறல்ல. அவன் ரூமுல இருந்து கம்ப்யூட்டர தட்டிக்கிட்டு இருக்கான். வாற ஆளுககிட்ட நான் என்ன சொல்லட்டு?”

உள்ளே போனேன். தட்டிக்கொண்டுதான் இருந்தான். சவரம் செய்யாத முகம். திரும்பவே இல்லை. “இரிங்கண்ணே, இந்த ஒண்ண முடிச்சிட்டு வாறேன்.”

அப்படி எதை முடிக்கிறான்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் லலிதா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதியன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவர் வாய்ப்பாடு சொன்னால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் மனசுக்குள் கூடவே சொல்வார்கள் – அப்படியொரு குரல். நாற்பது வயதில் அந்தக் குரல்தான் முதலில் போனது. வார்த்தை குழறியது, பிறகு நின்றது. அப்புறம் கால்கள். அப்புறம் கைகள். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். மருந்து சொல்லவில்லை.

கொடுமை என்ன தெரியுமா? புத்தி கொஞ்சமும் மங்கவில்லை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். சொல்லத்தான் வழியில்லை. கடைசியில் மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரலின் சின்ன அசைவு மட்டும்.

அவர் கணவர், சசியின் அத்தான், ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். கடையை மூடிவிட்டு மனைவியின் கட்டிலோடு இருந்தார். “தண்ணியா? திருப்பிப் படுக்க வைக்கட்டா? வலி உண்டா?” ஆமாம் என்றால் விரல் அசையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால்... யாரும் கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

சசி நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவன். இன்டர்நெட்டில் ஒரு குழுவில் இருக்கிறான். பல நாட்டு ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆளுக்கொரு புரோகிராம் எழுதி ஒரு பொதுக் கிட்டங்கியில், சரக்கறை மாதிரி, போட்டுவைப்பார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திரும்பப் போடலாம். ஒருவன் செய்ததை இன்னொருவன் முதலிலிருந்து செய்து மெனக்கெட வேண்டாமே!

அக்காவுக்கு ஒரு விரல் இருக்கிறது. அது போதும் என்று நினைத்தான் சசி. திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். பிறகு கட்டம் அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அமுக்கினால் அந்த எழுத்து விழும்.

இப்படி ஒன்று ஏற்கெனவே இருக்குமே என்று கிட்டங்கியில் தேடினான். அங்கே தேடுவது என்றால் பெயர்களைப் பார்ப்பதுதான். எட்டு எழுத்துக்குள் சுருக்கிய பெயர்கள், ஆயிரக்கணக்கில். எது என்ன செய்யும் என்று வைத்தவனுக்குத்தான் வெளிச்சம். குழுவுக்கு மெயில் போட்டுக் கேட்டான். அந்தக் கேள்வி மற்ற மெயில்களுக்கு அடியில் போய்விட்டது.

சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தான். கட்டத்தை நகர்த்துவது எளிது. விரலைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். அக்காவின் விரல் நடுங்கும். ஒருமுறை அமுக்கினால் மூன்றுமுறை அமுக்கியதாகக் கணக்காகும். ‘த’ வேண்டுமென்றால் ‘ததத’ வரும். மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான். அதற்குள் விரலும் தளர்ந்துகொண்டே வந்தது.

ஒருவழியாக வேலை செய்தது. அக்காவின் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

‘குளிருது.’

அத்தானுக்குப் புரியவில்லை. அக்காவுக்கு அடிக்கடி வியர்க்கும். அதனால் பாவம் அந்த மனுஷன் ஃபேனைக் குறைத்ததே இல்லை, மழைக்காலத்திலும். “எப்பம் தொட்டு குளிருது?” என்று கேட்டார்.

கட்டம் நகர்ந்தது. எழுத்தெழுத்தாக விழுந்தது. ‘ஆடி.’

கேட்டது தை மாதத்தில்!

அத்தான் ஃபேனை அணைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

கொஞ்ச நாள் அக்கா எழுதினார். பள்ளிக்கூடத்தை விசாரித்தார். அத்தானைச் சாப்பிடச் சொன்னார். பிறகு விரலும் நின்றது. அப்புறம் ஒருநாள் மூச்சும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அஸ்தி எடுத்த அன்று சசிக்கு ஒரு மெயில் வந்தது. மாதங்களுக்கு முன் அவன் கேட்ட கேள்விக்கு யாரோ ஒருவர் இப்போதுதான் பதில் போட்டிருக்கிறார். ‘கல்லே மூன்று என்று ஒன்று கிடக்கிறது, பார்த்தாயா?’

“அந்தப் பேர நான் எத்தனையோ தடவ பாத்தேன் அண்ணே. கல்லே! கல்லு வச்சு ஏதோ விளையாட்டாக்கும்னு விட்டேன்.”

திறந்து பார்த்தான். அதே கட்டம், அதே ஒற்றைப் பட்டன். நடுங்கும் விரலுக்கான கணக்கும் அழகாகப் போடப்பட்டிருந்தது. எழுத்துகளை மட்டும் தமிழுக்கு மாற்றியிருந்தால் போதும். அக்கா குரல் இழப்பதற்கு முன்பே எழுதிய புரோகிராம் அது. ஏதோ பனி பெய்கிற நாட்டில் ஒருவன் எழுதியது. கடைசி வரியில் ஒரு குறிப்பு: ‘என் தம்பி கல்லேக்காக, மூன்றாவது முயற்சி.’

“அப்பமே திறந்திருந்தா அக்காவுக்கு மழைக்கு முன்னால கிட்டியிருக்கும்” என்றான் சசி.

இப்போது அவன் செய்வது இதுதான். கிட்டங்கியில் இருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் திறக்கிறான். ஓட்டிப் பார்க்கிறான். அது என்ன செய்யும், யாருக்கு உதவும் என்று அதன் தலையில் எளிய வார்த்தையில் எழுதுகிறான். அந்த வார்த்தைகளைத் தட்டினால் புரோகிராம் வந்து நிற்கும்படி ஒரு தேடும் வசதியும் செய்திருக்கிறான். குழுவில் சிலர் சிரித்தார்களாம் – இது குமாஸ்தா வேலை, புரோகிராமர் வேலை இல்லை என்று. முகம் தெரியாத இரண்டு பேர் மட்டும் பாதி வேலையை வாங்கிக்கொண்டார்கள்.

“எழுதினவனுக்க வார்த்த வேற, தேடுறவனுக்க வார்த்த வேற அண்ணே. தேடுறவன் அவசரத்துல இருப்பான். அவனுக்க வாயில என்ன வருமோ அதையாக்கும் எழுதணும்.”

“நீ எழுதினதையும் போட்டியா? அதுக்கு அக்கா பேரா?”

“வைக்கணும்னுதான் கை போச்சு. வைக்கல்ல. கல்லேக்க அண்ணனும் அதத்தானே செஞ்சான்?”

நாம் எல்லோரும் அப்படித்தான், இல்லையா? பிரியத்தில் ஒன்றைச் செய்வோம். நமக்கு மட்டும் புரிகிற பெயரை வைப்போம். கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவோம்...

அத்தான் கறுப்புச் சாயாவோடு வந்தார். பாதியாய் இளைத்திருந்தார். சசியின் பின்னால் நின்று கேட்டார்: “இதுல என்ன எழுதியிருக்கு மக்கா?”

கல்லே மூன்றின் தலையில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னான் சசி. “ஒரு விரல் மட்டும் அசையக்கூடிய, பேச்சு இல்லாதவங்களுக்கு.”

அத்தான் சாயா கிளாஸை மேசையில் வைத்தார்.

“பேச்சு இல்லன்னு போடாத. அவளுக்குப் பேச்சு உண்டு மக்கா. சத்தம்தான் இல்ல.”

சசி அந்த வரியை அழித்துவிட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.