எங்கள் வீட்டுச் சாமியார்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு விசில் கொடுக்காமல் போக மாட்டார். டியூட்டி முடிந்து வந்தால் முதலில் என் தலையில் செல்லமாக ஒரு தட்டு, அப்புறம்தான் தோள் பையை ஆணியில் மாட்டுவார். அப்படி வாய் ஓயாத மனிதர் எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப் போனார். டிக்கெட் கிழிக்க மறந்தார், வேலை போயிற்று. வழி மறந்தார். கடைசியில் வேண்டும் என்பதே மறந்துவிட்டது. சோறு, தண்ணீர், ரேடியோ, நான், எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், எழுப்புகிற வரை அப்படியே இருப்பார்.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். திருவண்ணாமலை, சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர். தாடியும் வளர்ந்துவிட்டது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் அவர் காலடியில் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரி காலை முழுக்க எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். துடைப்பத்தால் அவளையும் சேர்த்துப் பெருக்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அவருடைய அக்கா எங்களோடு இருந்தார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தம்பி பெரிய நிலைக்குப் போய்விட்டான் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. தினமும் நெற்றி நிறைய விபூதி பூசிவிடுவார். நான் தட்டோடு போனால் தடுப்பார்.

"மவுனத்துல இருக்கான். சோறு சோறுனு போய் கலைக்காத. வேணும்னா கேக்க மாட்டானா?"

"எலும்பு தெரியுது அண்ணி."

"அதெல்லாம் விரதம்."

விரதமாம்! ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவரை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "பிடிவாதமும் இல்ல, மவுனமும் இல்லம்மா. மூளை தேஞ்சிட்டு வருது. வேணும்னு அவருக்குத் தோணவே தோணாது. வேணுமானு கேக்காதீங்க. நீங்க ஆரம்பிச்சு வைங்க, கை பழக்கத்துல செய்யும்."

அது பலித்தது. டம்ளரை அவர் கையில் கொடுத்து, என் கையால் உதடு வரை தூக்கினால் மீதியை அவரே குடித்தார். முதல் கவளத்தை ஊட்டினால் அடுத்ததை அவரே பிசைந்தார். கும்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒரு காலையில் நாவிதரைக் கூப்பிட்டுத் தாடியை எடுக்கச் சொன்னேன். சாமியார் போய் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். அண்ணி உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டு அழுதார். "என் தம்பிய வெறும் நோயாளி ஆக்கிட்டியேடி!" எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பெருமை ஒன்றுதான்.

அண்ணி போய்ப் படுத்துக்கொண்டபின் நானும் என் வீட்டுக்காரரும்தான் வாசலில். கன்னமெல்லாம் வழவழவென்று பழைய முகம். எனக்கு ஆசை வந்துவிட்டது. தொடங்கி வைத்தால் எல்லாம் செய்கிறாரே, இதையும் செய்வாரோ? காலடியில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டேன். இன்னொன்று. பிறகு என் கையை விலக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

கை தலைமேல் வைத்தபடியே கிடந்தது. தெருவில் போன ஒரு குடும்பம் நின்று, அவர் எனக்கு ஆசீர்வாதம் செய்வதாக நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றது.