நடந்து காட்டினால் சைக்கிள்

"வாசல் கேற்றடிக்குப் போய், அங்கையிருந்து நாலடி நடந்து வாங்கோ பாப்பம்."

குனிந்தபடியே சொல்கிறார் யாகோப்பு. எதிரே நிற்பவர் அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகத்தர். அவரும் மறுபேச்சில்லாமல் போய்த் திரும்பி நடக்கிறார். யாகோப்பின் கண் அவருடைய முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. "ஓம், நீங்கள்தான்" என்று சைக்கிளை உருட்டி விடுகிறார்.

சந்தைக்குப் பின்னால், சைக்கிள்களைக் காசுக்கு நிறுத்திவைக்கும் அவருடைய பாக்கில் நம்பர் எழுதிய துண்டு கிடையாது. சண்டையால் பெற்றோல் வராத ஊரில் டொக்டரும் சைக்கிள்தான், கலியாண மாப்பிள்ளையும் சைக்கிள்தான். நாளுக்கு முந்நூறு வண்டி நிற்கும். முந்தி அவரும் துண்டு கொடுத்தவர்தான். தவறி விழுந்த ஒரு துண்டைக் காட்டி யாரோ ஒருத்தன் புத்தம் புது றலிச் சைக்கிளைக் கொண்டுபோய்விட்டான். "துண்டை ஆரும் பொறுக்கலாம். நடையைப் பொறுக்கேலுமோ?"

துண்டுக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் எடுக்கச் சொன்னது, பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கும் நான்தான். ஒரு கிழமை நடந்தது. மை பட்ட விரலை எல்லோரும் பக்கத்துச் சைக்கிள் சீற்றில் துடைத்தார்கள். அது அடுத்தவர் வெள்ளை வேட்டியில் போய் இறங்கியது. "மாஸ்ரர், உங்கடை சயன்சாலை பேச்சு வாங்கினது நான்" என்று மைப்பெட்டியை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

முகத்தையும் அவர் நம்புவதில்லை. "தாடி வளத்தா ஒண்டு, வழிச்சா ஒண்டு. அதைப் பாத்து ஆர் மினக்கெடுறது?" கொழும்புத்துறைக் கரையில் வளர்ந்தவர். வள்ளத்தை விட்டிறங்கித் தண்ணீருக்குள் நடந்து வருகிறவர்களைத் தூரத்திலேயே யார் யாரென்று மட்டுக்கட்டிப் பழகிய கண்.

ஒருநாள் புதுச் செருப்பு கடித்து நான் நொண்டி வந்தேன். "உது உங்கடை நடை இல்லை." பதினைந்து வருடம் படிப்பித்த மனிதன், சந்தைச் சனம் பார்க்க, வெறுங்காலோடு நடந்து காட்டினேன். வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் வேறு பாக்குக்குப் போகவில்லை. அவர் நடை பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரு சைக்கிளும் தொலைந்ததில்லையே.

வேலியோரம் ஒரு பச்சைச் சைக்கிள் எட்டு மாதமாய் நின்றது. சண்டிலிப்பாய் செல்வரட்ணத்தினுடையது. கத்தரிக்காய் விற்க வந்து, அதை இங்கே விட்டுவிட்டுச் சந்தைக்குள் போனவர். அன்றைக்குத்தான் அங்கே ஷெல் விழுந்தது. பிறகு அவருடைய மைத்துனன் வந்தான்.

"அத்தானுக்கு ஷெல்லிலை வலது கால் போட்டுது. இனி சைக்கிள் ஓடமாட்டார். சைக்கிளைத் தாங்கோ."

"ஓடமாட்டன் எண்டு அவர் வந்து சொல்லட்டும்."

மூன்று முறை வந்தான். மூன்று முறையும் அதே பதில். இதென்ன பிடிவாதம் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

போன வெள்ளிக்கிழமை செல்வரட்ணமே வந்தார். பொய்க்காலோடு கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்ச நடை இப்ப என்னட்டை இல்லை. எப்பிடித் தரப்போறியள்?"

"நடவும், பாப்பம்."

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "விடுங்கோ யாகோப்பண்ணை, பாவம்" என்றேன்.

"என்ன பாவம்? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

செல்வரட்ணம் கேற்றை விட்டார். இரண்டடி வைத்தார். மூன்றாவதில் தடுமாறினார். யாகோப்பு இடத்தை விட்டு அசையவில்லை. செல்வரட்ணம் நாலாவதையும் வைத்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்தவரைப் போல நிமிர்ந்தார்.

"சரி. இனி இதுதான் உம்மடை நடை. பாடமாக்கிப்போட்டன்" என்று யாகோப்பு பச்சைச் சைக்கிளை உருட்டி வந்தார்.

செல்வரட்ணம் சீற்றைத் தடவினார். பிறகு பழைய பழக்கத்தில் குனிந்து, முன் ரயரையும் பின் ரயரையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். இரண்டிலும் காற்று இறுகி நின்றது. எட்டு மாதத்துக்கு முந்திய காற்றல்ல, முந்தாநாள் அடித்தது.