ஒரே கையெழுத்தில் இருபத்தொரு கேள்விகள்

இளம்பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றி வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்: நாம் வாயைத் திறந்ததும் அத்தனை தலையும் மேசைக்குள் போய்விடும். யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், டியூட்டரி என்னும் தனியார் வகுப்பொன்றில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

மாஸ்டரின் நிபந்தனை

டியூட்டரி மாஸ்டர் நல்ல மனுஷன். உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிப்பவர். ஒரு மணித்தியாலம் தாராளமாகத் தந்தார். ஆணுறைப் படம் போட்ட அட்டையை நான் எடுத்ததும் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். “மிஸ், அந்தச் சாமான்ர பேரை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை வடிவாச் சொல்லுங்கோ!”

பிஸ்கட் டின்

பேரையும் சொன்னேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடுங்கள் என்று ஒரு பிஸ்கட் டின்னும் வைத்தேன். இருபத்தொரு துண்டு விழுந்தது. ‘ஒருதரம் மட்டும் என்றாலும் தொற்றுமா?’, ‘எங்கே போய்ச் சோதிப்பது?’ என்று எல்லாம் ஒரே கையெழுத்தில்!

எட்டிப் பார்த்த மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. அது வகுப்பில் இருந்த நிர்மலா என்ற பிள்ளையின் கையெழுத்து. உடனே அவளுடைய தகப்பனுக்கு ஆளனுப்பிவிட்டார். தகப்பன் கண்டிப்பான யாழ்ப்பாணத்து மனுஷன். அவர் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தினால் பிள்ளையின் படிப்பு அதோடு சரி. நிர்மலா நிதானமாகச் சொன்னாள்: “மாஸ்டருக்கு எங்கட எல்லார்ர கையெழுத்தும் தெரியும், மிஸ். அதான் எல்லார்ர கேள்வியையும் நான் எழுதினனான்.”

தகப்பன் வந்தார்

துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் கறுத்தது. பின்வரிசை வாங்கில் ஒருவன் எழும்பினான்: “அங்கிள், அதில ஒண்டு என்ர.” பக்கத்தில் இன்னொருவன், பிறகு இரண்டு பெண்கள், கடைசியில் வகுப்பே எழும்பி நின்றது. எது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப டின்னுக்குள் போட்டார். “இவ்வளவு பேற்ற கதை தெரிஞ்சும் ஒருத்தரைப் பற்றியும் மூச்சு விடேல்லையே! நாளைக்கும் வருவாள், மாஸ்டர்.”

நம்பர்

போன உயிர் திரும்பி வந்த கையோடு பஸ் ஹோல்ட்டில் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். ‘ஒருதரம்’ கேள்வி அவனுடையது. பாவம், மாதக் கணக்கில் நித்திரையில்லையாம். இலவசமாகச் சோதிக்கும் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. ஐசி என்கிற அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் காட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். உள்ளே தாதி பேர்கூடக் கேட்காமல் ஒரு நம்பரைக் கொடுத்து இரத்தம் எடுத்தார், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம். இரண்டு முறையும் தொற்று இல்லை. வாசலில் நின்று அழுதான், பிறகு சிரித்தான். “கொழும்பில என்ர ஐசி கேக்காத இடம் இது ஒண்டுதான், மிஸ்!”

நம் வேலையில் ஆகப் பெரிய வெற்றி, ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான். இதைப் போய் யாரிடம் பெருமையடிப்பது, நீங்களே சொல்லுங்கள்.